அப்படி ஒரு பெயர் இல்லை

ஒரு குக்கர் வாங்குவதென்றாலும் நான் நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவேன். இப்போது வீட்டில் இருக்கிற குக்கரைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆனது. கைப்பிடி ஆடுகிறதா, ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா, பத்து வருடம் கழித்தும் அந்தக் கம்பெனி இருக்குமா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் பையில் போட்டேன். கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே தலைவலி வந்திருக்கும். ஆனால் பதினோரு வருடமாக அந்தக் குக்கர் மேல் ஒரு குறை கிடையாது. அதனால், மேடம், "எத்தனையோ கருவி இருக்கும்போது ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லாரும் எடுத்த எடுப்பிலேயே "ஏன் இப்படிச் செய்தாய்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. ஒரு சிமெண்ட் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. ஐந்து மாடி, முந்நூறு கம்ப்யூட்டர். யாருக்காவது நெட் வரவில்லையென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் ஒயர் கழன்றிருக்கும். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கேபிளம்மா. எனக்கு அதில் வருத்தமில்லை.

என் தங்கை என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் சோதிக்கிற வேலை பார்த்தாள். பிறந்தபோது கைக்கு அடங்காத அளவு சின்னதாக இருந்ததால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம், முப்பத்தொரு வயதிலும் பொடிசுதான். அவள் தவழ்கிற காலத்திலேயே அப்பா போய்விட்டார். செத்துப் போகவில்லை, போய்விட்டார். அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்து போனாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். அதன் பிறகு இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, இரண்டு பேர்.

விஷயம் ஆரம்பித்தது லைன்காரரால். எங்கள் கட்டடத்துக்கு இணைய இணைப்புக் கொடுக்கிறவர் அவர். வாய் சும்மா இருக்காது. ஒருநாள் மாடிப்படியில் பொடிசைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, வெளியூர் வேலையா தேடுறீங்க போல? எங்க லைனை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று சிரித்திருக்கிறார். அவள் முகமெல்லாம் சிவந்து மேலே வந்தாள்.

"நான் எங்கக்கா வேலை தேடுனேன்? அந்தாளு சும்மா உளறுறாரு. நம்ம வீட்ல என்ன பாக்குறோம்னு அவரு உக்காந்து பாப்பாரா?"

"பாப்பாருன்னு சொல்ல முடியாது. பாக்கலாம்" என்றேன்.

உங்களுக்கும் சொல்கிறேன், சுலபம்தான். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாது, அதற்கு எண் வேண்டும். அதனால் அது முதலில் யாரிடமாவது "இந்தப் பெயருக்கு என்ன எண்" என்று கேட்கும். அந்தக் கேள்வி சாதாரணமாகத் திறந்தபடியே போகிறது. நடுத்தெருவில் நின்று "வக்கீல் வீடு எங்கே" என்று உரக்கக் கேட்பதைப் போல. வக்கீலிடம் உள்ளே என்ன பேசினீர்கள் என்று தெருவுக்குத் தெரியாது. ஆனால் வக்கீல் வீட்டுக்குப் போனீர்கள் என்று தெரிந்துவிடும்.

"அப்ப அதை மூடுக்கா" என்றாள் பொடிசு. "எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மூடச் சொன்னது அவள்.

நான் வழக்கம்போல மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். பிரவுசரிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது, தட்டினால் கேள்விகள் பூட்டுப் போட்டுப் போகும். ஆனால் பிரவுசர் கேட்கிற கேள்விகள் மட்டும்தான், போனில் இருக்கிற மற்ற செயலிகள் எல்லாம் பழையபடி தெருவில் நின்று கத்தும். ரௌட்டரில் போடலாம். வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு, ஆனால் வாசல்படி தாண்டினால் போச்சு. போனின் அமைப்பிலேயே போடுவது மூன்றாவது வழி. அது ஆள் எங்கே போனாலும் கூடவே போகும், ஆபீஸ், பஸ், அடுத்த ஊர் எல்லா இடத்துக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த கேள்வி, பூட்டிய கேள்வியை யாரிடம் அனுப்புவது. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பூட்டு வழியில் நிற்கிறவனுக்குத்தான். பதில் சொல்கிறவன் பூட்டைத் திறந்து கேள்வியைப் படித்தால்தான் பதில் சொல்ல முடியும். லைன்காரரிடமிருந்து மறைத்து வேறொருவனிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் சும்மா செய்து தருகிறோம் என்கின்றன. சும்மா கிடைக்கிறதென்று எதையும் வீட்டுக்குள் விடுகிற பழக்கம் எனக்கில்லை. சில அமைப்புகள் "நாங்கள் எதையும் எழுதி வைப்பதில்லை" என்று சத்தியம் செய்கின்றன. சத்தியத்தை யார் போய்ச் சோதிப்பது? எப்படிச் சுற்றினாலும் கடைசியில் யாரோ ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும். நான் என்னைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உள்ளங்கை அளவு ஒரு பெட்டி வாங்கி, செருப்பு அலமாரிக்கு மேலே வைத்து, வெளியிலிருந்தும் எட்டுகிற மாதிரி அமைத்தேன். பொடிசின் போனில் ஒரே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்கு முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் விளக்க உட்கார்ந்தேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ அக்கா, எனக்கு இதெல்லாம் தலைகீழா நின்னாலும் புரியாது. நீ பாத்துப் போட்டா சரி."

அடுத்த நாளே விளம்பரங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன, பெட்டி அவற்றையும் வடிகட்டியது. லேபில் எல்லாரிடமும் என் புகழ் பாடியிருக்கிறாள், எங்க அக்கா பெரிய ஆளு, ஒருத்தனும் எட்டிப் பாக்க முடியாது என்று. உண்மைதான். லைன்காரர் அதன் பிறகு படியில் பார்த்தால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

வேவு பார்க்க நான் அதை வைக்கவில்லை. ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காகப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். பெயர்கள் வரிசையாக இருந்தன, பக்கத்தில் மணி. வேலை தேடுகிற தளம் ஒன்று. இன்னொன்று. வாடகைக்கு அறை தேடுகிற தளம். பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. லைன்காரர் சும்மா உளறவில்லை. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குக் காலையில்கூட என் பின்னால் நின்று என் தலையில் நரைமுடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டால் போயிருப்பாள். சொல்லாதவரைக்கும் அவளுக்கே பாதி மனசுதான் என்று அர்த்தம். நான் மீதிப் பாதிக்கு உதவி செய்தேன்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பெயரை மறுக்கச் சொல்லலாம். மறுப்பதில் பல விதம் உண்டு. "இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது" என்று பலகை காட்டலாம், ஆபீஸில் அப்படித்தான் செய்வோம். உடனே சண்டைக்கு வருவார்கள். பதிலே சொல்லாமல் இழுக்கலாம். அப்படிச் செய்தால் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது, "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று சொல்வது. தடுத்ததாகவே தெரியாது. உலகத்திலேயே அப்படி ஒன்று இல்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வீட்டுக்கு அதுதான் நல்லது என்று தோன்றியது.

முதல் வேலைத் தளம் இல்லாமல் போனபோது அவள், "கடையைச் சாத்திட்டாங்க போலக்கா" என்றாள், என்ன தளம் என்று சொல்லாமலே. இரண்டாவது போனபோது ஒன்றும் சொல்லவில்லை. வரன் பார்க்கிற தளம் ஒன்றையும் எடுத்துவிட்டேன். அது போனதை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள், "என் போட்டோவை வாங்கி வச்சுக்கிட்டு ஓடிட்டானுங்கக்கா". ஏமாத்துக் கம்பெனியா இருக்கும்டி, தப்பிச்சே என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு நேர்காணலுக்கு மெயில் வந்திருக்கிறது. வருகிறேன் என்று அவர்கள் தளத்தில் போய் உறுதி செய்ய வேண்டும். தளம் அவளுக்கு இல்லை. தேதி கடந்துவிட்டது. அப்போதுதான் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள், வேலை தேடியதையும், சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்பையும். "எனக்கு ராசியே இல்லக்கா. நான் எதைத் தொட்டாலும் விளங்க மாட்டேங்குது" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை, மேடம். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்கிப் போனாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்கிற மாதிரி. அதற்கப்புறம் சுமார் ஒரு வருடம் அவள் எதையும் தேடவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், டிவி பார்ப்பாள். ஓரளவு சதைபோட்டாள். கலகலப்பு குறைந்தது என்று லேபில் சொன்னார்களாம். வீட்டில் எனக்குப் பேச்சுத் துணைக்குக் குறையில்லை.

போன வருடம் மழை விட்ட வாரத்தில் அதே ஆஸ்பத்திரியின் பெயர் மறுபடி வர ஆரம்பித்தது. முதல் நாள் மூன்று தடவை. அடுத்த நாள் பதினொன்று. பிறகு நாற்பது. டீ நேரத்தில், சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில் வரும்போது. பட்டும் புத்தி வரவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. பெட்டி தன்பாட்டுக்கு "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் தொழில் சம்பந்தமாக ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆஸ்பத்திரித் தளத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கான பக்கம் வேறு, நோயாளிகளுக்கான பக்கம் வேறு. ஆனால் பெயர் ஒன்று. பெட்டிக்குப் பெயர்தான் தெரியும். உள்ளே எந்த அறைக்குப் போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஒன்றைத் தடுத்தால் எல்லாமே தடை. அவளுக்கு உடம்புக்கு என்ன என்று யாரும் என்னிடம் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். படுக்கை விரிப்பின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில். உதறினால் அவள் பக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. அவளுடைய இடது கை தோளுக்கு மேல் போகவில்லை.

"அக்கா, ஒரு சைட் தெறக்கவே மாட்டேங்குது. போன் பண்ணிக் கேட்டேன். எல்லாருக்கும் தெறக்குது, உங்க நெட்டைப் பாருங்கன்றாங்க."

"எந்த சைட்டு?"

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள்.

"மறுபடியும் வேலையா?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல. லேப்ல ஒருத்திக்கு. அங்க காட்டணுமாம் அவளுக்கு. தேதி குடுக்குறாங்க, ஆனா சைட்ல போயி மூணு நாளுக்குள்ள உறுதி பண்ணலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடறாங்க. ரெண்டு தடவை போயிடுச்சு. தேதி இல்லாம போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

போனை வாங்கி இரண்டு மூன்று இடத்தில் தட்டினேன். தட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் தட்டினேன்.

"அவங்க பக்கந்தான் கோளாறு. சர்வர் மாத்துறாங்க போல, நம்ம பக்கம் ஒருசில ஊருக்கு மட்டும் வராது. ரெண்டு வாரம் ஆகும். தெறந்ததும் நானே சொல்றேன்."

"ரெண்டு வாரமா?"

"உன் ஃப்ரெண்டு அதுக்குள்ள செத்தா போயிடுவா?"

அவள் சிரித்தாள். விரிப்பை மடித்து முடித்தோம்.

இப்போது நீங்கள் கேட்கலாம், வேறொருத்தர் போனில் பார்த்திருக்கலாமே என்று. எனக்கும் அது மனதில் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முந்நூறு கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற அக்கா, அவர்கள் பக்கம்தான் கோளாறு என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யாரிடம் கேட்பாள்? வேறு போனைக் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும், லேபில் சொன்னால் சாயங்காலத்துக்குள் எனக்கு வந்துவிடும். அதனால் என் வார்த்தையை நம்பிக் காத்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை "தெறந்துடுச்சாக்கா?" என்று கேட்பாள். இன்னும் இல்லடி என்பேன். நாலு மாதம் அப்படிப் போனது.

தெருமுனை மருந்துக்கடைக்காரரை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். ஒல்லியான மனிதர், ஒரு வார்த்தை பேசுவதற்குள் நமக்கு இரண்டு கொட்டாவி வந்துவிடும். பொடிசு அவரிடம் வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். இவ்வளவு எதற்கு என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்லாததை ஒரு கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள், இன்றைக்கும் எனக்கு அதை நினைத்தால் எரிகிறது. அவர் தன் போனை எடுத்து ஆஸ்பத்திரியின் பெயரைத் தட்டினார். திறந்தது. இரண்டு போனையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவள் போனின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் துருவி, நான் எழுதிய ஒரு வரியைக் கண்டுபிடித்து அணைத்தார். உடனே எல்லாம் திறந்தது. உள்ளே அவளுக்கு மூன்று தேதிகள் கொடுத்து, மூன்றும் ரத்தாகியிருந்தன. மூன்றாவதன் கீழே, தாமதிக்க வேண்டாம் என்று ஒரு டாக்டரம்மா தனியாக எழுதியிருந்தார்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று அலமாரிமேல் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேப்ல ஒருத்தி இல்லக்கா" என்றாள் பொடிசு. "நான்தான். மார்ல கட்டி. அம்மா போனப்ப, இன்னொரு தடவை இதை என்னால தாங்க முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவியே. அதான் உனக்குத் தெரியாம வைத்தியம் பாத்துட்டு வந்துடலாம்னு நெனச்சேன்."

அது வருகிறவர்களிடம் சொல்கிற பேச்சு, மேடம். துக்கம் கேட்க வந்தவர்களிடம் வேறு என்ன சொல்வது? அதைப் போய் இவள் நிஜம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"நீ வேணும்னு பண்ணலல்லக்கா?" என்று கேட்டாள்.

"பைத்தியமா நீ? விளம்பரம் தடுக்குற பட்டியல்ல அந்தப் பேரும் தப்பா மாட்டியிருக்கும்" என்றேன்.

அப்படி நடப்பதுண்டு, ஆபீஸில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, பாவம்க்கா நீ, இதை நெனச்சு நெனச்சு வருத்தப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் படியிறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டு, முதல் தேதிக்கே ஏன் வரவில்லை என்று கேட்டார். பொடிசு முந்திக்கொண்டு, "என் போன்ல ஒரு கோளாறு டாக்டர்" என்றாள். அவர் படங்களை உறைக்குள் போட்டார். வலிக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

எட்டு மாதம் பார்த்துக்கொண்டேன். சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருநாள் முகம் சுளித்தேன் என்று யாராவது சொன்னால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். படுத்தே கிடந்து தலைமுடி சடை பிடித்தபோது என் கையாலேயே மழித்துவிட்டேன். அவளுக்குப் பிடித்த புத்தகமெல்லாம் படித்துக் காட்டினேன். கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப் போவேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா" என்பாள். வீட்டில் எப்போதும் ஆள் இருந்தது. கடைக்குப் போய் வந்தால் இருட்டில் சாவியைத் துழாவ வேண்டியதில்லை. எங்கே போயிருக்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்று எனக்கு ஒரு கவலை கிடையாது. அந்தப் பெட்டியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனசு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. என் கையில் தலை வைத்தபடிதான் போனாள்.

சரி. இவ்வளவு நேரம் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒன்றிரண்டு இடத்தில் வரிசை மட்டும் முன்பின்னாக இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் புகார் கொடுத்து, நீங்கள் பெட்டியை எடுத்துப் போய், உள்ளே இருப்பதையெல்லாம் அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். நான் தலைகீழாகவும் படிப்பேன். மஞ்சள் மையால் கோடு போட்ட வரி எது என்று எனக்குத் தெரிகிறது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த அமைப்பை மாற்றினாலும் பக்கத்தில் தேதியும் காரணமும் எழுத வேண்டும். நாளைக்கு வேறொருவர் வந்து பார்த்தால் ஏன் மாற்றினார்கள் என்று புரிய வேண்டும் என்பதற்காக. எழுதாதவர்களை நான் ஆபீஸில் சும்மா விட்டதில்லை. இருபது வருடப் பழக்கம், வீட்டிலும் கை தானாக எழுதிவிட்டது. அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பதிவேட்டை அழிக்கிற ஆள் நான் இல்லை.

ஆஸ்பத்திரியின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு குறிப்பு இருக்கும். முதலாவது பழையது: "வெளியூர் வேலை தேடுகிறாள்." இரண்டாவதன் தேதியைத்தான் நீங்கள் கோடு போட்டிருக்கிறீர்கள். துணி மடித்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்தொன்பது நாள் முந்தைய தேதி.

அந்தப் பெயர் மறுபடி வர ஆரம்பித்த ஒன்பதாவது நாள் அது. கூடவே புதிதாக ஒரு பெயரும் வந்தது. நோயின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட தளம். நோயாளிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற இடம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் படித்தேன். கண்டுபிடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பெயர் போடாமல் எழுதியிருந்தாள், ஆனால் அவள் எழுத்து எனக்குத் தெரியாதா, எழுதப் பழக்கியதே நான்தானே. கட்டி சின்னதுதான், சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் முழுசாகக் குணமாகிவிடும் என்று உள்ளூர் டாக்டர் சொன்னார், ஆனால் ஆஸ்பத்திரித் தளம் திறக்கவே மாட்டேங்குது, என் அக்காவுக்குத் தெரியக் கூடாது, அவ தாங்க மாட்டா, என்ன செய்யலாம் யாராவது சொல்லுங்களேன் என்று எழுதியிருந்தாள். கீழே ஏழு பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஏழு பேரும் ஒரே மாதிரி: வேறு யாராவது போனில் திறந்து பாருங்கள். பெட்டியின் பதிவுப்படி அவள் அந்தப் பதில்களை இன்னும் பார்த்திருக்கவில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் பார்ப்பாள்.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு என் இடத்துக்குப் போய், அந்தத் தளத்தையும் பெட்டி மறுக்கிற பட்டியலில் சேர்த்தேன். சாயங்காலம் அவள் பஸ்ஸில் இருபத்தாறு தடவை அதைக் கேட்டாள். இருபத்தாறு தடவையும் அப்படி ஒரு பெயர் இல்லை. ஆஸ்பத்திரியின் வரிக்குப் பக்கத்தில் இரண்டாவது குறிப்பையும் அப்போதே எழுதினேன். நீங்கள் வாசிக்க வேண்டாம், நானே சொல்கிறேன். "வேலை இல்லை. நோய். இருக்கட்டும்."

ஆமாம், தெரியும். குணமாகிவிடும் என்பதும் சேர்த்துத்தான் தெரியும். அந்த வரியை எடுப்பது அரை நிமிட வேலை. எடுத்திருந்தால் அவள் முதல் தேதிக்கே ரயிலேறியிருப்பாள், அறுத்துத் தைத்து அனுப்பியிருப்பார்கள். உடம்பு தேறியதும் பழைய ஆசை வந்திருக்கும், எங்கேயாவது ஒரு வேலை, ஒரு அறை, ஒரு ஆள் என்று நன்றாகத்தான் இருந்திருப்பாள். எங்கேயோ நன்றாக இருக்கிற தங்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, மேடம்?